பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் பாலிடெக்னிக் கட்டிய கதை



மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன்கள் என்னைக் கூப்பிட்டு, சாதனை படைத்த ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடுடா என்று கேட்டார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் பேரைச் சொல்லி நான் ஒரு தப்பான காரியம் செய்யப் பார்த்தேன். அதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் அவர் கதைக்குப் போக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் கெடார். விழுப்புரத்தில் பஸ் ஏறி, காணை தாண்டி வர வேண்டும். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும்தான். எங்கே பார்த்தாலும் கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டார். மோட்டார் புகைந்து போனால் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்க அப்பா காயில் கட்டுகிறவர். சின்ன வயதில் விழுப்புரத்தில் ஒரு வைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொண்ட தொழில். கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். மோட்டார் மேல் இருக்கும் பெயர்த்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத்தான் படிக்கச் சொல்லுவார். வீட்டில் முதன்முதலாக பத்தாவது தாண்டினவன் நான்தான்.

முதலாம் ஆண்டில் எனக்கு இரண்டு பேப்பர் போய்விட்டது. கணக்கு ஒன்று, இன்ஜினீயரிங் கிராபிக்ஸ் ஒன்று. ரிசல்ட் பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனிமேல் நான் படிக்கப் போகவில்லை, உன்னோடு பட்டறையிலேயே இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். ஜி.டி.நாயுடு என்ன படித்தார், அவர் பெரிய ஆளாக ஆகவில்லையா என்றும் கேட்டேன். நம்ம பசங்க நிறைய பேர் இதைச் சொல்லுவோம். அரியர் வைத்தவன் ஒவ்வொருத்தனுக்கும் ஜி.டி.நாயுடுதான் குலதெய்வம்!

அப்பா கோபப்படவில்லை. அந்த நாயுடு யாரு, அவரு கதை உனக்கு முழுசா தெரியுமா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போனார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்படியென்றால் முழுசா தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்லு, அதுக்கப்புறம் நிக்கிறதா போறதா பாக்கலாம் என்றார். அப்படித்தான் நான் லைப்ரரியில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி. தகப்பனார் பெயர் கோபால்சாமி. ஜி.டி. என்ற இரண்டு எழுத்தும் அந்த இரண்டு பேர்களிலிருந்து வந்ததுதான். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வாத்தியார் மேல் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்றுகூடச் சொல்லுவார்கள். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி.

ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை. நமக்குத் தெரிந்த பாதி அதுதான், தெரியாத பாதி அதற்கு அப்புறம் வருகிறது.

1912-ஆம் ஆண்டு. அவருக்கு வயது 19. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்க்கிறார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது. அந்தக் காலத்தில் கிராமத்துப் பையன் ஒருத்தன் அதைப் பார்த்தால் என்ன செய்வான்? வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டு மறந்துவிடுவான். இவர் மறக்கவில்லை. அந்த வண்டி எனக்கு வேண்டும் என்று கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை. டம்ளர் எடுத்து, மேஜை துடைத்து, கூலியைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கினவர் ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். எந்தப் பாகம் எதற்கு என்று பார்த்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். சொல்லித்தர ஆள் கிடையாது. வருஷக்கணக்கில் சேர்த்த காசு தரையில் நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கிறது. திரும்பப் பூட்ட முடியாமல் போயிருந்தால் எல்லாம் போச்சு. அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது. பள்ளிக்கூடத்தை விட்டவர் அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார், அந்த மோட்டார் சைக்கிள்தான் அவருக்கு முதல் வாத்தியார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பஸ், பிறகு 280 பஸ்

மெக்கானிக் வேலை செய்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பணம் பார்த்தார். அந்தத் துணிச்சலில் பம்பாய் வரை போய் வியாபாரம் செய்து, கையில் இருந்ததை எல்லாம் இழந்துவிட்டுத் திரும்பி வந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் கும்பிடுகிற பெரியவர்களுக்கும் பேப்பர் போயிருக்கிறது, நண்பர்களே!

1920-இல் மறுபடி எழுந்தார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் கைகொடுத்தார். ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற கம்பெனி ஆனது. யூ.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டில் பழைய ஆட்கள் இன்றைக்கும் கண்டுகொள்வார்கள். 1933-இல் அந்தக் கம்பெனியில் சுமார் 280 பஸ் இருந்தது. ஹோட்டலில் டம்ளர் எடுத்தவருக்கு நாற்பது வயதில் 280 பஸ்!

நான் இதுவரைக்கும் படித்ததை ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் மோட்டார் ஸ்டேட்டரில் காயில் இறக்கிக்கொண்டே கேட்டார். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய இடம் வந்ததும் கையை நிறுத்தினார். பிறகு பட்டறை மூலையைக் காட்டி, நீயும் அதைக் கழட்டிப் பூட்டு பாக்கலாம் என்றார். மூலையில் ஒரு பழைய விளக்கு கிடந்தது.

மூலையில் கிடந்த விளக்கு

நம்ம டிராயிங் ஹாலில் பார்த்திருப்பீர்களே, முழங்கை முழங்கையாக மடங்கும் விளக்கு, அந்த மாதிரி. விழுப்புரத்தில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார் அப்பா. அதை ஏன் வாங்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

காயில் கட்டுவது கண் வேலை. ஸ்டேட்டர் என்பது இரும்பு உருளை, அதன் உள்பக்கம் வரிசையாகக் காடி இருக்கும். காடி ஒவ்வொன்றிலும் காகிதம் வைத்து, இனாமல் பூசிய செம்புக் கம்பியை எண்ணி எண்ணி இறக்க வேண்டும். கம்பி ஒரு இடத்தில் உரசினாலும் மோட்டார் திரும்பப் புகைந்துவிடும். எங்கள் பட்டறையில் விளக்கு என்றால் உத்தரத்தில் தொங்கும் ஒரே ஒரு பல்பு. அப்பா குனிந்தால் அவர் தலை நிழலே காடிக்குள் விழும். 22 கேஜுக்கும் 23 கேஜுக்கும் வித்தியாசம் இப்போதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, விரலால் தடவிப் பார்க்கிறார். இதை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. வேலைக்குப் பக்கத்தில், தலைக்கு முன்னால், இடது கைப்பக்கமாக ஒரு விளக்கு இருந்தால் நிழல் விழாது. அதற்குத்தான் அந்த விளக்கு.

ஆனால் விளக்கின் நிலைமை மோசம். அடியில் மேஜையைப் பிடிக்கும் கிளாம்ப் உடைந்திருந்தது. ஒரு ஸ்பிரிங் காணோம். தலையைத் தூக்கி நிறுத்தினால் தொப்பென்று விழுந்துவிடும். ஒயர் முழங்கை மடங்கும் இடத்தில் நைந்து செம்பு தெரிந்தது. ஹோல்டர் பொரிந்து போயிருந்தது.

இந்த விளக்குக்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் ஜார்ஜ் கார்வர்டைன் என்று ஒரு இன்ஜினீயர், 1887-இல் பிறந்தவர், கார்களுக்கு சஸ்பென்ஷன் வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கோடே வாழ்ந்த மனிதர். எந்தப் பக்கம் தள்ளினாலும் லேசாக நகர வேண்டும், விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும், நம்ம கை மாதிரி. அப்படி ஒரு ஸ்பிரிங் அமைப்புக்கு 1932-இல் காப்புரிமை கேட்டார். ஹெர்பர்ட் டெரி என்ற ஸ்பிரிங் கம்பெனி அதை வைத்து 1934-இல் நான்கு ஸ்பிரிங் விளக்கும், 1935-இல் வீட்டுக்கு ஏற்ற மூன்று ஸ்பிரிங் விளக்கும் செய்தது. ஆங்கிள்பாய்ஸ் என்பது அதன் பெயர். உலகம் முழுக்க மேஜையில் மடங்கி நிற்கும் விளக்குகள் பலவற்றில் இதன் சாயல் தெரியும். கார்வர்டைன் காருக்குச் செய்த வேலை விளக்குக்கு வந்தது. ஜி.டி.நாயுடு மோட்டார் சைக்கிளில் கற்றுக்கொண்டது பஸ் கம்பெனிக்கு வந்தது. ஒன்றில் ஒழுங்காகக் கற்றால் இன்னொன்றுக்கு அது உதவும் போலிருக்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டிய முட்டாள்

விளக்கை முழுசாகக் கழற்றினேன். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றின வரிசையில் பேப்பர் மேல் அடுக்கி வைத்தேன். துரு பிடித்த மூட்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். காணாமல் போன ஸ்பிரிங்குக்குப் பதிலாக சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போடும் ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி வந்து, ஒன்றை மாட்டினேன். அது ரொம்ப முரட்டு ஸ்பிரிங். கையை விட்டதும் விளக்குத் தலை மேலே எகிறி என் தாடையில் அடித்தது.

நீளமான ஸ்பிரிங்குக்கு பலம் அதிகம், பாதியாக வெட்டினால் பலம் பாதியாகக் குறைந்துவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். ஆக்ஸா பிளேடு போட்டு வெட்டினேன். வெட்டின ஸ்பிரிங்கை இழுத்தால் அசையவே இல்லை. முன்னைவிட இரண்டு மடங்கு கெட்டியாகிவிட்டது!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் மெக்கானிக்கல் படிக்கும் நண்பனிடம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகம் வாங்கிப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அதில் சுற்றுகளின் எண்ணிக்கை கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. சுற்று பாதியானால் விறைப்பு இரண்டு மடங்கு. நான் பயந்து ஓடப் பார்த்த கணக்கு ஒரே ஒரு வரியில் அங்கே உட்கார்ந்திருந்தது. முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு ஸ்பிரிங் மிச்சம்.

வெட்டாத இரண்டாவது ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு வந்தேன். அது முரடுதான், என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா விளக்கின் கையை ரெண்டு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தார். பிறகு ஸ்பிரிங்கின் கொக்கியை மூட்டுக்குக் கிட்டத்தில் தள்ளி மாட்டு என்றார். கையில் புதிதாக ஒரு ஓட்டை போட்டு, கொக்கியை மூட்டுப் பக்கம் தள்ளி மாட்டினேன். விளக்கு நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு ஓட்டை போட்டதும், எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது.

முதலாம் ஆண்டில் திருப்புத்திறன் என்று படித்தோமே, விசையைத் தூரத்தால் பெருக்குவது, அதுதான் இது. தூரம் குறைந்தால் முரட்டு ஸ்பிரிங்கும் சாது ஆகிவிடும். எங்க அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஏற்றம், நுகத்தடி, கடப்பாரை என்று பார்த்துப் பழகின கை அது. எனக்கு வார்த்தை தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன், விளக்கு முன்னால் நின்றபோது ஞாபகம் வரவில்லை. ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது என்பதற்குப் புத்தகம் தேவைப்பட்டது, எங்கே மாட்டுவது என்பதற்கு அப்பா தேவைப்பட்டார். அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரேசர், ரேடியோ, மோட்டார், கார்

திரும்பவும் நாயுடு கதைக்கு வருவோம். பஸ் கம்பெனி வளர்ந்த பிறகு அவர் சும்மா உட்காரவில்லை. வெளிநாடுகளுக்குப் போனார், தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவிலேயே படம் பிடித்தார். சின்ன பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்த ஷேவிங் ரேசர் செய்தார். ரேசன்ட் என்ற பெயரில் ஜெர்மனியில் அது தயாரானது. மெல்லிசான ஷேவிங் பிளேடு, சினிமா கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, பழம் பிழியும் கருவி, கள்ள ஓட்டுப் போட முடியாத ஓட்டு மெஷின், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று அந்தப் பட்டியல் நீளும். கரண்ட் இல்லாத ஊருக்கு ஃபேன் வேண்டுமே என்று யோசித்த மனிதர் அவர்.

எங்கள் வீட்டுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. 1937-இல் அவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டாரைக் கொண்டு வந்தார்கள். கோயம்புத்தூர் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலை அதற்காக ஏற்பட்டது. கோயம்புத்தூர் இன்றைக்கு மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊராக இருப்பதற்கு அந்த மாதிரி ஆட்கள் போட்ட பிள்ளையார் சுழிதான் காரணம். எங்க ஊர்க் கிணற்றில் இறங்கும் மோட்டாரும், அதில் எங்க அப்பா கட்டும் காயிலும், அதில் வந்த காசில் நான் கட்டும் பரீட்சை ஃபீஸும் அந்த வழியில் வந்தவை. இதைச் சொன்னபோது அப்பா பக்கத்தில் இருந்த மோட்டாரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் செய்து காட்டினார். தயாரிக்க அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தக் கார் ரோட்டுக்கு வராமலே போய்விட்டது. விவசாயத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டும் பருத்திச் செடி வளர்த்தார்.

அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் எழுதினால் அது பொய். வரி அதிகமாகப் போடுகிறார்கள் என்ற கோபத்தில், தான் உண்டாக்கிய பொருள்களை ஜனங்கள் முன்னாலேயே போட்டு உடைத்துக் காட்டினார். பெரியாரே அதைக் கண்டித்தார். உடைத்ததை யாரும் திரும்பப் பூட்ட முடியாது. கழற்றுவதற்கும் உடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாதா? தெரியும். கோபம் அப்படிச் செய்ய வைத்தது. ரிசல்ட் பார்த்த அன்றைக்கு நான் செய்யப் பார்த்ததும் அதே மாதிரிதான்.

படிக்காதவர் கட்டிய கல்லூரி

இப்போது நான் தேடிப் போன இடத்துக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஓடியவர், கையில் பணம் வந்த பிறகு என்ன செய்தார்? 1944-இல் பஸ் தொழிலிலிருந்து விலகினார். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவித்தொகையும், தொழிலாளர்களுக்கு நலத்திட்டங்களும் அறிவித்தார். 1945-இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்விக்கு இடம் கட்டிக் கொடுத்தார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும், ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியும் ஆரம்பமாயின. ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக்! நம்மை மாதிரிப் பசங்களுக்காக. அந்தக் கல்லூரிதான் பிற்காலத்தில் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. பெயர் மாறி, இடம் மாறி இத்தனை வருஷம் ஆன பிறகும், அவிநாசி ரோட்டில் அந்த பஸ் ஸ்டாப்புக்கு இன்றைக்கும் ஹோப் காலேஜ் என்றுதான் பெயர்.

அங்கேயும் அவர் சண்டை போட்டார். இன்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு வருஷம் தேவையே இல்லை, பாதிக் காலத்தில் கற்றுக்கொடுக்கலாம், வருஷத்தை வீணாக்குகிறார்கள் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

இந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். படிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சீக்கிரம் கொடுங்கள், கையோடு சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் சண்டை போட்டார். கூலிக்காரன் வீட்டுப் பையன் நான்கு வருஷம் சம்பாதிக்காமல் இருக்க முடியாது என்பது ஹோட்டலில் மேஜை துடைத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் எப்படி நினைத்தாரோ, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பள்ளிக்கூடம் தனக்குத் தராததை மோட்டார் சைக்கிளிடமும், தொழிற்சாலைகளிடமும், தேசம் தேசமாகப் போயும் கற்றுக்கொண்டார். அந்தச் சுற்று வழி எல்லோருக்கும் வாய்க்காது என்று தெரிந்துதான் நேர் வழிக்குக் கட்டடம் கட்டினார் என்று நான் நம்புகிறேன்.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி தமது 80-வது வயதில் காலமானார். அவர் சேர்த்து வைத்த கருவிகளைக் கோயம்புத்தூரில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

விளக்கு எரிந்தது

விளக்கு வேலையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டில் யாராவது செய்தால் உதவும்.

பழைய ஒயர் இரண்டு கோர். உடம்பு முழுக்க இரும்பாக இருக்கும் விளக்குக்கு அது ஆபத்து. உள்ளே ஒயர் நைந்தால் விளக்கைத் தொட்டவனுக்கு ஷாக். அதனால் மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த் ஒயரை இரும்பு உடம்போடு ஸ்குரூ வைத்து இறுக்கினேன். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் இறுக்க வேண்டும், பெயின்ட் மேல் கரண்ட் ஓடாது. ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டேன். மடங்கும் இடத்தில் கொஞ்சம் தாராளமாக வளைவு விட்டேன், இழுபடக் கூடாது. ஸ்விட்ச் பேஸ் ஒயரில் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். பிளக்கைச் செருகுவதற்கு முன்னால், எர்த் பின்னுக்கும் விளக்கு உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா, பேஸுக்கும் உடம்புக்கும் தொடர்பு இல்லாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹோல்டர் புதிது. பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பு போட்டால்தான் ஹோல்டர் பொரிந்து போகும், நெற்றியும் சுடும். 9 வாட் எல்.இ.டி. போட்டோம். உடைந்த கிளாம்புக்குப் பதிலாக மேஜையில் ஒரு துண்டு ஜி.ஐ. பைப்பை நிறுத்தி, விளக்கின் தண்டை அதற்குள் இறக்கினோம். நாலா பக்கமும் திரும்புகிறது.

ஸ்விட்சைப் போட்டதும் அப்பா விளக்குத் தலையைப் பிடித்து ஸ்டேட்டர் பக்கத்தில் இழுத்தார். விட்டார். அது அங்கேயே நின்றது. காடிக்குள் கம்பி பளபளவென்று தெரிந்தது. ரெண்டு கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது 22, இது 23 என்று அவரே பிரித்து வைத்தார். தடவிப் பார்க்கவில்லை.

பிறகு நாயுடு கதை முடிஞ்சிதா என்று கேட்டார். முடிந்தது என்று கல்லூரி கட்டிய இடத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. படிக்காதவரே கட்டியிருக்கார்னா அதுல ஏதோ இருக்குது என்று மட்டும் சொன்னார். நான் நின்றுவிடுவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல பஸ் ஏறினேன்.

நண்பர்களே, அரியர் பேப்பரில் கிராபிக்ஸ் பாஸ் ஆகிவிட்டது. கணக்கு இன்னும் பாக்கி, அடுத்த பரீட்சையில் எழுதுகிறேன். அந்த விளக்கின் கீழேதான் படிக்கிறேன், அப்பா வேலை முடித்த பிறகு தலையை என் பக்கம் திருப்பிக்கொள்வேன். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். ஜி.டி.நாயுடு படித்தாரா என்று இனிமேல் யாராவது கேட்டால், பாதிக் கதையோடு விட்டுவிடாதீர்கள். மீதிக் கதையையும் சொல்லுங்கள். வீட்டு மூலையில் ஏதாவது ஒன்று உடைந்து கிடக்கும். அடுத்த லீவில் அதைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங்காக இருந்தால் வெட்டுவதற்கு முன்னால் புத்தகத்தைப் பாருங்கள்!



– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை